குறையில்லாத வீடு

இந்த வீட்டில் ஒரு குறையாவது இருந்தாக வேண்டும்.

பொன்மலர் மூன்றாவது தடவையாகக் குசினியைச் சுற்றி வந்தாள். யன்னல்களைத் திறந்து மூடினாள். சுவரில் உள்ளங்கையை வைத்து ஈரம் பார்த்தாள். குழாயடியில் குனிந்து, எங்காவது ஒரு கசிவு அகப்படாதா என்று விரலால் தடவினாள்.

விரல் காய்ந்தே வந்தது.

ஒன்பது சனிக்கிழமைகளில் இது ஒன்பதாவது வீடு. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். மானிப்பாயில் எஞ்சியிருந்தவர்கள் ஓய்வுபெற்ற இரண்டு ஆசிரியர்கள். கடற்காற்றுக்கு இன்னொரு வீடு வேண்டும், ஆனால் கணவர் நோர்மனின் கண் கிளினிக்குக்காக யாழ்ப்பாண நகரம் எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். தரகன் ஜெறோமிடம் சொல்லப்பட்டிருந்தது இவ்வளவுதான்.

மயிலிட்டியிலுள்ள இந்த வீடு அத்தனைக்கும் பொருந்தியது. கடல் தெரிந்தது, துறைமுகத்து மீன் மணம் வரவில்லை. நகரத்துக்கு முக்கால் மணித்தியாலம். பஸ் வாசல் படலையடியிலேயே நிற்கும்.

"இதுக்கும் நொட்டை சொன்னியளெண்டால், அம்மா, நான் குருநகர் வீட்டுக்குத் திரும்பிப் போகமாட்டன். உந்தக் கடலிலைதான் விழுவன்," என்றான் ஜெறோம்.

முற்றத்திலிருந்து நோர்மனின் குரல் வந்தது. "தம்பி, காத்துக் கூடவோ எண்டு அவவைக் கேளும். அவவுக்குத் தொய்வு, மூச்சு இழுக்கும். குளிர்காத்து ஒத்துக்கொள்ளாது."

"காத்து ஒண்டும் செய்யாதெண்டு சொல்லுங்கோ, தம்பி. வெயிலுக்கை நிக்கவேண்டாமெண்டும் சொல்லுங்கோ. கண்ணுக்குக் கூடாது," என்றாள் பொன்மலர்.

யன்னலின் இருபுறமும் நின்ற இருவருக்கும் இடையில் ஐந்தடி தூரம் இருந்தது.

ஜெறோமுக்கு இது பழகிவிட்டது. "சேர், உங்களை நிழலுக்கை வரட்டாம்."

பதின்மூன்று வருடங்களாக அவர்களுடைய பேச்சு இப்படித்தான் நடந்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மூத்தவன் றயனை அவுஸ்திரேலியாவுக்குப் படகில் ஏற்றிவிட்டார் நோர்மன். அந்தக் கிழமையில் தொடங்கியது. றயன் உயிரோடு போய்ச் சேர்ந்தான். கோபம்கூட எப்போதோ போய்விட்டது. ஆனால் அதற்குள் இளையவள் அனுஜா அவர்களுக்கு நடுவே நின்று பழகியிருந்தாள். அப்பாவைச் சாப்பிட வரச்சொல்லு. அம்மாவைக் கேள், என்ரை கண்ணாடியைக் கண்டவவோ எண்டு. பிள்ளையின் வாய்வழியாகப் போகும் சொல்லில் யாருக்கும் மானக்கேடில்லை. ஆகையால் நேரே பேசவேண்டிய தேவையும் இருவருக்கும் வரவில்லை.

தை மாதம் அனுஜாவும் ரொறன்ரோவுக்குப் போனாள். சில வாரங்கள் தொலைபேசியிலும் இருவருக்கும் இடையே சொற்களைக் காவினாள். பிறகு ஒருநாள், "நீங்களே கேளுங்கோவன் அம்மா, பக்கத்திலைதானே இருக்கிறார்," என்று களைத்த குரலில் சொல்லிவிட்டு வைத்தாள்.

அதன்பின் பொன்மலர் கேட்கவுமில்லை. ஒருநாள் விடியற்காலையில், தொண்டையில் குரல் இன்னும் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, கிணற்றுக்குள் குனிந்து தன் பெயரையே சொல்லிப் பார்த்தாள்.

அந்தக் கிழமைதான் பத்திரிகையில் ஒரு கடற்கரை வீட்டு விளம்பரத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு நோர்மன் மேசையில் வைத்திருந்தார். மனுசனுக்குக் கடலாசை வந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். வட்டத்துக்குப் பக்கத்தில் 'சரி' என்று எழுதி வைத்தாள்.

முதல் வீட்டில் ஜெறோம் நடுவில் நின்றான். மாமரம் எந்தப் பக்கம் நிழல் தரும், பேரப்பிள்ளைகள் வந்தால் எங்கே படுப்பார்கள், அவளுடைய முழங்காலுக்கு எத்தனை படி தாங்கும் என்று நோர்மன் அவனிடம் கேட்டுக்கொண்டே போனார். தன் முழங்கால் நோ அவருக்குத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

எந்த வீடும் பிடித்துவிடக் கூடாது என்று அன்றே அவள் தீர்மானித்தாள்.

தொண்டைமானாற்று வீட்டில் படிகள் உயரம். அடுத்ததில் நுளம்பு. இன்னொன்றில் அயல்வீட்டு நாயின் குரைப்பு. சென்ற கிழமை எதுவுமே அகப்படாமல், சுவரின் நிறத்தைக் குறைசொல்லித் தப்பினாள்.

கடைசியாகக் கிணறு இருந்தது. கடலுக்கு இத்தனை அருகில் கிணறு, தண்ணீர் உவர்க்காமல் இருக்காது. அதை நம்பியே அவள் முற்றத்தில் இறங்கினாள்.

ஜெறோம் ஒரு வாளி அள்ளி வைத்தான். "சீனி போடாத சர்பத், அம்மா. குடிச்சுப் பாருங்கோ."

அவள் இரு கைகளையும் ஏந்திக் குடித்தாள். நோர்மனும் குனிந்து குடித்தார்.

தண்ணீர் இனித்தது.

அப்போது ஜெறோமின் தொலைபேசி அடித்தது. "கொழும்பு ஆக்கள், இந்த வீட்டைக் கேட்டவை. அவையள் இண்டைக்கே முடிக்க நிக்கினம். நான் கதைச்சிட்டு வாறன், ரெண்டு பேரும் ஒரு முடிவைச் சொல்லுங்கோ," என்று படலைக்கு வெளியே போனான்.

ஓமென்றால் இன்றோடு அவன் வேலை முடிந்தது. அடுத்த சனிக்கிழமை இல்லை. பேசாமல் இருப்பதற்கு மானிப்பாயில் ஒன்று, இங்கே ஒன்று என்று இரண்டு வீடுகள் மட்டும் இருக்கும்.

பொன்மலர் கூரையைப் பார்த்தாள். ஒரு ஓடுகூட உடைந்திருக்கவில்லை. மதில் நேராக நின்றது. தென்னங்கன்றுகூடப் பச்சையாக இருந்தது. ஆண்டவரே, ஏதாவது ஒன்று, ஒரேயொன்று. மூச்சு இழுக்கத் தொடங்கியது.

"உவர்."

அவள் திரும்பினாள். நோர்மன் கிணற்றுக்குள் பார்த்தபடி நின்றார். ஈரம் இன்னும் அவருடைய நாடியில் இருந்தது.

படலைக்கு அப்பால் ஜெறோமின் முதுகு மட்டும் தெரிந்தது. கிணற்றடியில் வேறு ஒருவரும் இல்லை.

"என்ன மாதிரி, சேர்? முடிப்பமோ?" என்று கேட்டுக்கொண்டே ஜெறோம் திரும்பி வந்தான்.

நோர்மன் பொன்மலர் பக்கம் திரும்பினார்.

"தண்ணி உவராம், தம்பி," என்றாள் பொன்மலர். "இவர் சொல்லுறார்."

"உவரோ? உந்தத் தண்ணியோ?" ஜெறோம் வாளியை நோக்கி விரைந்தான்.

அவன் வந்து சேருமுன், நோர்மன் வாளியைத் தூக்கி, மிச்சத் தண்ணீர் முழுவதையும் தென்னங்கன்றின் அடியில் கவிழ்த்துவிட்டார்.