பின் டயர்

ஓட்மர் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தான். நான் உருளைக்கிழங்கு சாலட் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன்.

நாளை இந்தக் கோடையின் கடைசிப் பந்தயம். ஒவ்வொரு வருடமும் அதற்கு முந்தின நாள் சாயங்காலம் பின் டயரை மாற்றுவதா வேண்டாமா என்று அவன் முடிவு செய்வான். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், ஒரு வருடம்கூட மாற்றாமல் விட்டதில்லை. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் முதல்முறைபோலத்தான் உட்கார்ந்து யோசிப்பான்.

புது டயர் வேனில் சாய்ந்து நின்றது.

பக்கத்துக் கூடாரத்திலிருந்து லோட்டார் ஆப்பிள் ஒயின் குவளையோடு எட்டிப் பார்த்தான். “ஹைட்ரூன், உன் வீட்டுக்காரன் என்ன, டயருக்குக் கைரேகை பாக்கிறானா?”

“உன் டயரையும் பாத்தேன்டா. ஆயுள்ரேகையே காணோம்,” என்றான் ஓட்மர், தலையைத் தூக்காமல்.

வேறு நாளாக இருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். இன்று முடியவில்லை. அந்த டயர் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் வண்டிக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. சைட்கார் வைத்த பந்தய பைக். சைட்கார் என்றால் இருக்கையெல்லாம் கிடையாது. ஏறி நிற்க ஒரு தட்டும் சில கைப்பிடிகளும்தான். அவன் ஓட்டுவான், நான் தட்டின்மேல் தாவிக்கொண்டிருப்பேன். வலப்பக்க வளைவில் தலை தரையை உரசுமளவு வெளியே தொங்க வேண்டும். இடப்பக்க வளைவில் அவன் முதுகுக்குப் பின்னால் பாய்ந்து, பின்சக்கரத்தின்மேல் கவிழ்ந்து படுக்க வேண்டும். என்னைப் போன்றவர்களுக்கு இங்கே ‘கிரீஸ் மாக்ஸ்’ என்று பட்டப்பெயர். மாக்ஸ் ஆண்பிள்ளைப் பெயர், ஆனால் பெண்ணானாலும் மாக்ஸ்தான்.

இடப்பக்க வளைவில் நான் ஒரு நொடி பிந்தினால் போதும், சக்கரத்தின்மேல் எடை இருக்காது. அவன் வேகம் கொடுத்ததும் அது பிடிப்பில்லாமல் சுற்றி ரப்பரைப் பிய்த்துவிடும். டயரின் ஓரம் துருவிபோலச் சொரசொரப்பாகிவிடும்.

இந்தக் கோடை முழுக்க நான் பிந்திக்கொண்டேதான் இருந்தேன்.

குளிர்காலத்திலேயே என் முட்டி மடங்க மறுத்தது. கீஸனில் இருக்கும் தங்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு டாக்டரிடம் போனேன். மண்டியே போடக் கூடாது என்றார் அந்த மனிதர்.

ஓட்மரிடம் மூச்சு விடவில்லை. லோட்டாரின் மகள் ஊட்டா இருக்கிறாளே, ஸ்பிரிங் மாதிரி முட்டி. நான் எப்போது இறங்குவேன், எப்போது ஏறலாம் என்று காத்திருக்கிறாள். நல்ல பெண்தான், எனக்கும் அவளைப் பிடிக்கும். ஆனால் அந்தத் தட்டு என்னுடையது. அவன் முதுகும் என்னுடையது.

ஓட்மர் டயரின் நடுவில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினான். பதிந்தது. ரப்பர் இன்னும் இறுகிப்போகவில்லை.

பிறகு விரல் ஓரத்துக்குப் போனது. நான் முள்கரண்டியைக் கீழே வைத்தேன்.

ஒரு சுற்று முழுக்கத் தடவினான்.

“ஒண்ணுமே ஆகலை,” என்றான். “அடுத்த வருஷத்துக்கும் இதுவே போதும்.”

அப்பாடா என்று இருந்தது. எழுந்து போய் நானும் தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது, ஒரு பிசிறு இல்லை. பிழைத்தேன் என்று நினைத்தேன்.

ஆனால் கையை எடுக்க முடியவில்லை.

நான் பிந்தியது பொய்யில்லை, என் முட்டிக்குத் தெரியும். அப்படியும் டயர் பிய்யவில்லை என்றால், அந்த நொடியில் அவன் வேகமே கொடுக்கவில்லை. நான் தட்டுத்தடுமாறி அவன் முதுகுக்குப் பின்னால் வந்து விழும்வரை, மற்றவர்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்க, ஒவ்வொரு வளைவிலும் எனக்காகக் காத்திருந்திருக்கிறான். கோடை முழுக்க.

கடைசி கடைசியாக வந்ததற்கெல்லாம் கார்பரேட்டர்தான் காரணம் என்றான். வாராவாரம் அதைச் சமையலறை மேசையில் பிரித்துப் போட்டுத் துடைத்தான். மேசைவிரிப்பில் எண்ணெய் பட்டதென்று நான் அவனை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

சீட்டாட்டத்தில் தோற்றால்கூட இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாத மனுஷன் அவன்.

“புது டயரை மாட்டு,” என்றேன். “நாளைக்கு ஊட்டாவை ஏத்திக்கிட்டுப் போ. இந்த வருஷம் ஒரு தடவையாவது நல்லா முறுக்கி ஓட்டு.”

அவன் எழுந்தான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். புது டயரை உருட்டிக்கொண்டு நேரே லோட்டாரின் கூடாரத்துக்குப் போனான்.

“இந்தா, நீ மாட்டிக்க. எங்களுக்கு வேண்டாம்.”

“என்னடா இது, வெயில்ல மூளை உருகிடுச்சா?” என்று லோட்டார் கேட்டது எனக்குக் கேட்டது.

ஓட்மர் திரும்பி வந்து என்னை நாற்காலியில் உட்காரவைத்தான். குட்டை ஸ்டூலை எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

“எந்த முட்டி?” என்று கேட்டான்.

“இடது,” என்றேன்.