விட்டுப்போன நட்சத்திரக் குறி

"பொண்ணு ரெண்டு நாளா பேசலைம்மா. கொஞ்சம் சீக்கிரம் வர முடியுமா?"

போனில் பெரியவர் பதறிய பதற்றத்தில், சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்துவிட்டு ஓடிவந்திருந்தாள் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவள்.

வந்து பார்த்தால் ஸ்பீக்கர் ஒயர் கழன்று கிடந்தது. கண் தெரியாத அவருக்கு மகளின் கடிதங்களைப் படித்துச் சொல்வது அந்தக் கம்ப்யூட்டர்தான். அது ஊமையானால் மகளும் ஊமை.

ஒற்றை அறை. இருந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்க, அவள் கட்டில் விளிம்பில் தொற்றிக்கொண்டாள். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். விரல்களுக்குக் கண் வேண்டியிருக்கவில்லை. தினமும் மகளுக்கு ஒரு பக்கம் தட்டிவிடுவார்.

"போன் பண்ணிப் பேசலாமே சார்?"

"அவ நம்பர் இப்ப வேற யார்கிட்டயோ இருக்கும்மா. எழுத்துலதான் எங்க பேச்சு. 'சாப்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா'ன்னு உயிரை எடுத்துடுவா!"

ஒயரைச் செருகி, சோதித்துப் பார்க்க, கடிதங்கள் வந்துபோகும் மகளின் இணையப் பக்கத்தைத் திறந்தாள். படம் எதுவும் காட்டாமல் எழுத்தை மட்டும் காட்டும் பழைய பிரவுசர். என்னவோ உறுத்தியது. அவர் சேமித்து வைத்திருந்த லிங்க்கில் 'மின்மினி' என்ற மகளின் புனைபெயருக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. திறந்த பக்கத்தில் அது இல்லை.

அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருத்தி இருந்ததால், மகள் நட்சத்திரத்தை ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறாள். பிரவுசரோ அதை விழுங்கிவிட்டு, இத்தனை நாளும் வேறொரு மின்மினியின் கதவைத் தட்டியிருக்கிறது.

கை சும்மா இருக்குமா? செட்டிங்கில் ஒரு வரியைத் திருத்தினாள். இந்த முறை சரியான பக்கம் திறந்தது.

"கடைசிப் பதிவு, நான்கு ஆண்டுகளுக்கு முன்பு" என்று படித்துவிட்டு நின்றது இயந்திரக் குரல்.

பெரியவரின் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றன.

நாலு வருஷமாய் எட்டிப் பார்க்காத மகள்! மறைக்கவும் மனசு வரவில்லை.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. பேர்ல ஒரு நட்சத்திரக் குறி விட்டுப்போயிருந்துச்சு, இப்பத்தான் சரி பண்ணினேன். இவ்வளவு நாளா உங்களுக்கு எழுதினது உங்க பொண்ணு இல்ல. வேற யாரோ ஏமாத்திட்டிருக்கா."

"ஏமாத்தலைம்மா. 'நான் உங்க பொண்ணு இல்லை, ஆனா எனக்கும் அப்பா இல்லை'ன்னு முதல் கடிதத்துலயே எழுதிட்டா."

"அப்ப உங்க பொண்ணு?"

"அவளை அடக்கம் பண்ணி நாலு வருஷமாச்சு."

பெரியவர் கையை நீட்டித் துழாவி, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பழைய தப்பையே திரும்பப் போட்டுக் குடும்மா."