முன்கூட்டி வரும் மெட்டு

அந்த வீடியோ கேமின் முதல் பாகத்துக்கு இசை போட்டபோது ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். கதையில் ஒரு வீரன் சாகப்போகிறான் என்றால், திரையில் ஒன்றும் தெரிவதற்கு முன்பே அவனுக்கான புல்லாங்குழல் தொடங்கிவிட வேண்டும். அவன் விழுந்ததும் நின்றுவிட வேண்டும்.

இரண்டாம் பாகத்தில் எந்த இடத்தில் எந்த மெட்டு என்பதை நான் முடிவு செய்வதில்லை. விளையாடுகிறவர் கையில் கட்டியிருக்கும் பட்டை அவர் நாடியைப் படித்து, என் மெட்டுகளில் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. இதுவரை அது தப்பாக எடுத்ததே இல்லை. பேட்டிகளில் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

இன்று சாயங்காலம் சட்னி அரைத்து முடித்து மிக்சியை நிறுத்தினேன். ஹாலில் என் கணவர் சற்குணம் விளையாடிக்கொண்டிருந்தார். அங்கிருந்து அந்தப் புல்லாங்குழல் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். திரையில் அவருடைய வீரன் சந்தையில் மாம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தான். சண்டையும் இல்லை, எதிரியும் இல்லை.

டாக்டருக்குப் போன் போட்டேன்.

"காலையிலதானே மேடம் சாருக்கு முழு செக்கப் பண்ணினோம்? எல்லாம் நார்மல். பாட்டைக் கேட்டு பயந்தா எப்படி?"

ஆஸ்பத்திரிக்குப் போகக் கார் கூப்பிட்டேன். அது இன்னும் பாலத்தையே தாண்டவில்லை என்று போன் காட்டியது.

"என்ன பூரணி, சந்தையில போய் இந்த மெட்டு வருது?" சற்குணம் சிரித்தார். "உன் மெஷின் சொதப்புது. நிறுத்திடட்டுமா?"

பட்டையைக் கழற்றப்போன அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாங்க. அது ஓடட்டும்."