காய்ந்த புட்டி

பிக்ரிக் அமிலம் ஈரமாக இருக்கும்வரை சாது. காய்ந்துவிட்டால், மூடியைத் திருகுகிற உரசலே அது வெடிக்கப் போதும். கல்லூரி ஆய்வகத்தில் இருந்த அந்தப் புட்டிக்கு அவ்வப்போது தண்ணீர் விடும் பொறுப்பை, பிரசவ விடுப்பில் போகும்போது தெரசா கோமதிநாயகத்திடம் ஒப்படைத்திருந்தாள். கூடப் படித்தவன், கூடவே வேலைக்குச் சேர்ந்தவன். அவனைவிட்டால் வேறு யாரிடம் சொல்வாள்?

விடுப்பு முடிந்து வந்த அன்று காலையில் அவன்தான் புட்டியை ஞாபகப்படுத்தினான்.

"மாசம் தவறாம தண்ணி ஊத்திட்டுத்தான் இருந்தேன் தெரசா. எதுக்கும் நீ ஒருதடவை திறந்து பாத்துரு. நான் போய் பிள்ளைகளக் கூட்டிட்டு வாரேன்."

தெரசா மூடியைப் பிடித்துத் திருகப்போனவள் அப்படியே நின்றாள். கண்ணாடிக்குள் மஞ்சள் தூள் வறண்டு, ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. மூடியின் இடுக்கிலும் தூள் படிந்திருந்தது.

"நாயகம், இது காஞ்சு கெடக்கே!"

மூடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மைதானத்தின் அந்தக் கோடியில் மாணவர்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தான். அவர்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் ஆய்வகத்தைப் பார்த்தபடி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு நின்றான்.