ஏசிக்கு அடியில் பத்து நாள்

வலது தோளில் குடைந்த வலி காதுக்குப் பின்னால் ஏறியதும், பவுனுத்தாய் தூணில் பதித்திருந்த கண்ணாடியில் தன் கன்னங்களை உப்பவைத்துப் பார்த்தாள். இரண்டும் உப்பின. ஜவுளிக்கடையில் பட்டுச்சேலை மேசைக்கு நேர் மேலே ஏசியின் வாய். அங்கே நிற்பவள் பிடரியில் காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை குளிர் அடித்துக்கொண்டே இருக்கும். துண்டு போர்த்தினால் முதலாளி ஏசுவார். அதனால் பெண்கள் நாளுக்கு ஒருத்தி என்று முறை வைத்து நின்றார்கள். பவுனுத்தாய்க்கு நெஞ்சுச்சளி கட்டிய இரண்டு மாதமும், "இருமிக்கிட்டு நிக்காதட்டி, ஒம் மொறைக்கு நான் நிக்கேன், பெறவு நின்னு தா" என்று ஜெசிந்தாதான் நின்றாள். ஒருநாள் ஜெசிந்தா குடித்த டீ கடைவாயில் வழிந்து சேலையை நனைத்தது. வாயைக் கோணிக் கூத்துக் காட்டுகிறாள் என்று நினைத்துப் பவுனுத்தாய் விழுந்து விழுந்து சிரித்தாள். வலது பக்கம் முகவாதம், காரணம் உறுதியாகத் தெரியாது என்றார் டாக்டர். கடைப் பெண்கள் யாரும் அதை நம்பவில்லை; ஏசிக் குளிர்தான் என்றார்கள்.

ஒரு மாதம் கழித்து ஜெசிந்தா இன்று வேலைக்குத் திரும்பிவிட்டாள். மூடாத வலது கண்ணில் நீர் வடிய, தன் முறைக்கு ஏசிக்கு அடியில் நின்ற பவுனுத்தாயின் அருகில் வந்து நின்றாள்.

"ஏன் இப்படி வெறைக்க? தள்ளு, நான் நிக்கேன். எனக்கு இன்னும் ஒரு பக்கந்தானட்டி பாக்கி."

"வேண்டாம்க்கா."

சொல்லி முடிக்குமுன் பவுனுத்தாயின் கால்கள் நகர்ந்திருந்தன. ஜெசிந்தா குளிருக்கு அடியில் சேலையை விரித்தாள். பவுனுத்தாய்க்குக் காதின் பின்னால் வலி நிற்கவில்லை; கண்ணாடியைப் பார்க்கத் துணிவும் இல்லை. அவள் ஜெசிந்தாவுக்காக நிற்க வேண்டிய நாள் நேற்றுவரை ஒன்பது. இன்றோடு பத்து.