கடைசிச் சொட்டின் நிறம்

"நீங்க வரவேண்டாம்ப்பா, நானே..."

"வரச்சொல்லி கெமிஸ்ட்ரி டீச்சர் போன் போட்டிருக்கா, நீ என்னன்னா..."

"நானே பேசிக்கிடுதேன்னு சொல்லுதேன்லா."

"என்னத்தப் பேசுவ? இத்தன மாசம் வாயத் தொறக்காதவ."

ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் பேச்சு ஏறி விழுந்தது. பைக் ஓடிக்கொண்டே இருந்தது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அப்பா கத்த, பின்னால் புத்தகப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு மகள் கத்த, வண்ணார்பேட்டைக் காற்று பாதியைப் பிடுங்கிக்கொண்டு போனது.

பிளஸ் டூ. வேதியியல் செய்முறைத் தேர்வு அடுத்த வாரம். மாதிரித் தேர்வில் அவள் மட்டும் கோட்டை விட்டிருந்தாள். எழுத்துப் பரீட்சையில் வகுப்பையே முந்துகிற பிள்ளை, லேபுக்குள் போனால் மட்டும் ஏன் இப்படி என்று அப்பாவுக்கு மனசு ஆறவில்லை.

கை நடுங்குகிறது என்று சொல்லிப் பார்த்தாள்.

"நடுங்குத கைதான் மார்கழியில தெருவ அடைச்சுக் கோலம் போட்டுதாக்கும்?"



கையில் ஒரு குறையும் இல்லை. பியூரெட் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுவாள். கீழே குடுவையை ஆட்டுவாள். தண்ணீர் போலிருப்பது, ஏதோ ஒரு சொட்டில் வெளிர் இளஞ்சிவப்பாகி நிற்கும். அந்த இடத்தில் குழாயின் திருகை மூடிவிட வேண்டும்.

எல்லாருக்கும் நின்றது.

அவளுக்குத் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. ஏதோ மாறுகிற மாதிரி அவள் கண்ணில் படும்போது பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்து, பீட்ரூட் சாறா பிழியுத என்று கேட்டுச் சிரிப்பாள்.

வேதியியல் டீச்சர் கண்டுபிடித்துவிட்டார். தனியே கூப்பிட்டார். கண் டாக்டரிடம் ஒரு சீட்டு மட்டும் வாங்கி வா, நிறம் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் கேட்டுப் பார்க்கிறேன், இதில் உன் தப்பு என்ன இருக்கிறது என்றார். நல்ல மனுஷி.

சீட்டு வாங்கினால் மார்க் வரும். மார்க் வந்தால் அவள் ஆசைப்பட்ட படிப்பு வரும்.

அவள் வாங்கவில்லை. வீட்டில் மூச்சு விடவும் இல்லை.

அதற்குச் சற்று முன்புதான் ரூபி டீச்சர் விலங்கியலில் அந்தப் பாடத்தை நடத்தியிருந்தார். நிறக்குருடு. ஆண்பிள்ளைக்கு என்றால் அம்மாவிடமிருந்து வரும். பெண்பிள்ளைக்கு வருவது அபூர்வம். வந்துவிட்டால், அம்மா கொடுத்தது மட்டும் போதாது. அப்பாவுக்கும் அந்தக் குறை இருந்தே தீரும். கட்டாயம் கேட்பார்கள், அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள் என்றார். பிள்ளைகள் ஸ்கேல் வைத்துப் போட்டார்கள்.

அவள் போடவில்லை.

ரூபி டீச்சர் தினமும் பள்ளிக்கு வருவது அப்பா ஓட்டுகிற டவுன் பஸ்ஸில். அண்ணாச்சி ஓட்டினால் கண்ணை மூடிக்கொண்டு வரலாம் என்று டீச்சர்கள் அறையில் அடிக்கடி சொல்வார். வீட்டில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், விபத்தே இல்லாமல் ஓட்டியதற்கு டிப்போவில் கொடுத்த கேடயம் இருக்கிறது. அம்மா வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் பொட்டு வைப்பாள்.

சீட்டு பள்ளிக்கூடத்துக்குள் போனால் ரூபி டீச்சருக்குத் தான் நடத்திய பாடம் மறந்தா போகும்?

நிறம் தெரியாதவர் கையில் ஸ்டியரிங் கொடுக்க மாட்டார்கள்.

பாடம் தப்பாக இருக்கட்டும் என்றுதான் அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த ரிப்பன் விடவில்லை. சின்ன வகுப்பில் அவளுக்குக் கரும்பச்சை ரிப்பன் வேண்டும் என்றிருந்தார்கள். அப்பா காப்பித்தூள் நிறத்தில் வாங்கி வந்தார். அவளும் அதையே கட்டிக்கொண்டு போய் வகுப்புக்கு வெளியே நின்றாள். அப்பனும் மகளும் நல்ல ஜோடி என்று அம்மா சிரித்து மாளவில்லை. எத்தனையோ விருந்தாளிகளுக்குச் சொல்லியாகிவிட்டது அந்தக் கதை.

"எம்பிள்ளைக்கு என்ன கொறன்னு அந்த டீச்சர் எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்," என்றார் அப்பா.

சிக்னல் வந்தது.

இவர்கள் வண்டிதான் முன்னால். எதிரிலிருந்து காலை வெயில் விளக்குக் கண்ணாடி மூன்றிலும் ஒன்றுபோல் அடித்தது. மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்றுகூட அவளுக்குப் பிடிபடவில்லை. அவளுக்குப் பிடிபடாததில் என்ன ஆச்சரியம்.

அப்பா விளக்கைப் பார்க்கவே இல்லை.

பக்கத்தில் நின்ற ஆட்டோவின் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னால் ஒரு ஹாரன். அப்புறம் இன்னொன்று. ஆட்டோக்காரர் குனிந்து காலடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். சக்கரம் அசையவில்லை. ஹாரன்கள் கூடின. யாரோ வையத் தொடங்கினார்கள். அப்பாவின் விரல்கள் கிளட்சை விடவில்லை. இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். அவர் கழுத்தில் வியர்வை இறங்குவதை அவள் பார்த்தாள்.

ஆட்டோ உருண்டது.

உடனே பைக்கும் உருண்டது.

அவள் முன்னால் சாய்ந்து ஹெல்மெட்டோடு வாயை வைத்தாள். குரலில் சண்டை இல்லை.

"ப்பா, பஸ்ஸுல போகையில பக்கத்துல ஒரு வண்டியும் நிக்கலன்னா என்ன செய்வீய?"