உச்சிக்கு வந்தவர்களுக்கு மட்டும்

வயதான பெண் விலங்குகளின் கால்தளர்ச்சியைப் போக்கும் வேர் ஒன்று கிடைத்திருப்பதாகக் கரடி வைத்தியர் காடு முழுக்கப் பறையறைவித்தார். சோதனைக்கு வருகிறவர்கள் குன்றின் உச்சிக்குத் தாமே நடந்து வர வேண்டும் என்பது அவர் போட்ட விதி.

இருபது ஆண்டுகள் பொதி சுமந்த பெண் கழுதை ஒன்று, ஒற்றையடிப் பாதையில் பாதி ஏறியதும் முழங்கால் மடங்கி விழுந்தது. வயதானாலும் துள்ளல் குறையாத மான்கள் அதைத் தாண்டி ஏறின. வேர்ச்சாற்றைக் குடித்துவிட்டுத் துள்ளியபடியே இறங்கின.

பின்னாலேயே மிச்சச் சாறு இருந்த குடுவையோடு கரடி வந்தார். "வெற்றி! ஒருத்திகூட விழவில்லை. சிங்கராஜாவிடம் சொல்லப் போகிறேன்."

"மருந்து குடிக்கும் முன்பு மட்டும் அவர்கள் விழுந்தார்களா?" என்றது கழுதை. " எனக்கு ஒரு மடக்குக் கொடும், வைத்தியரே."

"உச்சிக்கு வராதவர்களுக்குக் கிடையாது. உன்னைப் போன்ற நோஞ்சான்களைச் சேர்த்தால் சோதனையின் முடிவே கெட்டுவிடும்."

"அப்படியானால் யாருக்கு ஐயா இந்த மருந்து?"

"உங்களைப் போன்றவர்களுக்குத்தான். முதலில் எழுந்து வழியை விடு."

ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். கரடியின் பருத்த உடம்பு நுழைய இடமில்லை. கழுதை கால்களை இன்னும் நன்றாக நீட்டி, பாதையை அடைத்துப் படுத்தது.

"எழுந்திருக்கிற மருந்து உம்முடைய கையில்தான் இருக்கிறது. ஊற்றும்."